கெர்னலில் பக்_ஆன் போடுவது ஏன் ஆபத்து?

கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதும்போது அசெர்ஷனும் (இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சரிபார்க்கும் வரி) எரர் மெசேஜும் எவ்வளவு முக்கியம், சந்தேகம் வரும் இடத்தில் எல்லாம் பக்_ஆன் (BUG_ON, நடக்கவே கூடாத நிலை வந்தால் அங்கேயே நிறுத்திவிடும் கெர்னல் அசெர்ஷன்) போட்டு வைத்தால் என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். சில வருடங்களாக லினக்ஸ் டிரைவர் (ஹார்டுவேரை இயக்கும் கெர்னல் கோடு) எழுதி வருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: போடாதீர்கள்.

சாதாரண புரோகிராமில் அசெர்ட் விழுந்தால் அது மட்டும்தான் சாகும். அது கடைசியாகச் சொன்னதை வாங்கி டிஸ்கில் எழுத கீழே கெர்னல் இருக்கிறது. கெர்னலே விழுந்துவிட்டால் எழுதி வைக்க யார் இருக்கிறார்கள்? இன்னொன்று, பக்_ஆன் விழுந்தால் எப்போதும் மெஷின் நின்றுவிடும் என்றும் இல்லை. பல நேரம் அப்போது ஓடிக்கொண்டிருந்த டாஸ்க்கை மட்டும் கொல்லும், ஆனால் அந்த டாஸ்க் பிடித்திருந்த பூட்டு (lock, ஒரே நேரத்தில் இருவர் ஒன்றைத் தொடாமல் காப்பது) விடுபடாமல் அப்படியே கிடக்கும், அதே பூட்டைக் கேட்கிற ஒவ்வொரு டாஸ்க்கும் வரிசையாக வந்து மாட்டிக்கொள்ளும், பத்து நிமிடம் கழித்து வேறு எங்கோ மெஷின் தொங்குவதைத்தான் நீங்கள் பார்ப்பீர்கள். இன்டரப்ட்டுக்குள் (ஹார்டுவேர் அழைத்ததும் உடனே ஓடும் கோடு) விழுந்தால் நேராகப் பேனிக், அதாவது முழு மெஷினும் நின்றுவிடும்.

எனக்கு நடந்தது அதுதான். ஒரு டேட்டா பிடிக்கும் போர்டுக்கு டிரைவர் எழுதினேன். டிஎம்ஏ (ஹார்டுவேர் தானே மெமரியில் டேட்டாவை எழுதுவது) முடிந்ததும் ஹார்டுவேர் சொல்லும் நீளம் பஃபரைவிடப் பெரிதாக இருக்கவே முடியாது என்று நம்பி, இன்டரப்ட் ஹேண்ட்லரில் ஒரு பக்_ஆன். என் மேஜையில் ஒரு தடவைகூட விழவில்லை. வெளியூரில் வைத்த போர்டுகள் மட்டும் சில நாளுக்கு ஒரு முறை உறைந்துபோயின. அங்கே கெர்னல் மெசேஜை நேராகப் பார்க்கும் சீரியல் கேபிள் இல்லை, ரீபூட் செய்தபின் லாக்கில் (log, பதிவு) ஒரு வரி இல்லை. இரண்டு வாரம் பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டோம். பிறகு அதை வார்ன்_ஆன்_ஒன்ஸ் (WARN_ON_ONCE, நிறுத்தாமல் ஒரு முறை மட்டும் எச்சரிக்கும் வகை) ஆக்கி, அந்தப் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு மேலே போகும்படி மாற்றினேன். மறுநாளே முழு பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் வழியாக அங்கே வந்தோம் என்ற பட்டியல்) லாக்கில் வந்து விழுந்தது, போர்டும் ஓடிக்கொண்டிருந்தது.

யூனிக்ஸின் தொடக்க காலம் பற்றி மல்டிக்ஸ் (யூனிக்ஸுக்கு முந்தைய இயங்குதளம்) ஆள் டாம் வான் வ்லெக் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். மல்டிக்ஸ் கோடில் பாதி, பிழை வந்தால் மீள்வதற்கே போகிறது என்று இவர் சொல்ல, நாங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டோம், பிழை என்றால் பேனிக் ரூட்டீன், மெஷின் விழும், நடையில் நின்று ரீபூட் செய்யச் சொல்லிக் கத்துவோம் என்றாராம் யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி. கத்தினால் கேட்கும் தூரத்தில் ஆள் இருந்தவரை அது சரி. என் போர்டு இருந்த இடத்தில் யாரும் இல்லை.

2016 அக்டோபரில் லினக்ஸ் 4.8 வெளியாகும் தறுவாயில் சேர்ந்த மாற்றங்களில் ஒரு பக்_ஆன் புகுந்து சிக்கலானபோது லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே கோபப்பட்டார். இப்போது கெர்னல் ஆவணத்திலேயே பக்_ஆன் கைவிட வேண்டியவை பட்டியலில் இருக்கிறது.

அதற்காக வார்ன்_ஆன் (நிறுத்தாமல் எச்சரிக்க மட்டும் செய்வது) இலவசம் என்று நினைக்க வேண்டாம். பேனிக்_ஆன்_வார்ன் என்று ஒரு அமைப்பு உண்டு, அதைப் போட்ட மெஷினில் வார்ன் விழுந்தாலே பேனிக். அதனால் யூசர் தப்பான மதிப்பு அனுப்பினால் விழுகிற இடத்தில் வார்ன் கூடாது, எரர் கோடைத் திருப்பி அனுப்பினால் போதும். அப்புறம் வேகம். 115200 பாட் சீரியலில் விநாடிக்கு 11,520 எழுத்துதான் போகும், 3,000 எழுத்து பேக்ட்ரேஸ் ஒன்றுக்கே கால் விநாடி. ஒவ்வொரு இன்டரப்ட்டுக்கும் அது அச்சானால் மெசேஜே மெஷினைக் கொன்றுவிடும். சில சமயம் அந்தத் தாமதத்தாலேயே ரேஸ் (இரண்டு வேலைகள் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழை) மறைந்துபோய், பிரிண்ட் வரியை எடுத்ததும் திரும்ப வரும், அது இன்னும் கொடுமை.

நல்ல மெசேஜ் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 6பி. ஸ்லப் டீபக் (கெர்னல் மெமரிப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வசதி) போட்டிருந்தால் விடுவித்த மெமரியை கெர்னல் 6பி (0x6b) என்ற பைட்டால் நிரப்பி வைக்கும். ஊப்ஸில் (Oops, கெர்னல் பிழை வந்ததும் அச்சாகும் அறிக்கை) ஏதாவது ரிஜிஸ்டர் முழுக்க 6பி6பி6பி என்று தெரிந்தால், கோடைத் திறக்கும் முன்னேயே தெரிந்துவிடும், விட்ட மெமரியை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று. யாரோ யோசித்துப் போட்ட அந்த ஒரு பைட் எனக்கு எத்தனையோ இரவுகளை மிச்சப்படுத்தியிருக்கிறது. நீங்கள் மெசேஜ் எழுதும்போதும் "பிழை" என்று மட்டும் எழுதாமல் எந்த டிவைஸ், என்ன மதிப்பு வந்தது, எவ்வளவு எதிர்பார்த்தோம் என்று மூன்றையும் எழுதுங்கள்.

லாக்கைக் காட்டி உதவி கேட்கும்போது கடைசி ஊப்ஸை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். அதில் டெய்ன்டட் (Tainted, கெர்னலுக்கு முன்பு நடந்ததைக் குறிக்கும் எழுத்துகள்) வரியில் டபிள்யூ (W) என்ற எழுத்து இருந்தால் அதற்கு முன்பே ஒரு வார்ன் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே போய் அந்த முதல் வார்னைத் தேடி அனுப்புங்கள், பெரும்பாலும் நோய் அங்கேதான் இருக்கும்.