இங்கிலாந்து பப்பில் கைப்பம்பில் இழுத்துத் தரும் ஏல் என்ற பீர், குளிர்ச்சியும் நுரையும் இல்லாமல் இருப்பது ஏன்?

பழைய பீரைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இங்கிலாந்துக்குப் புதியவர் என்றும், இதுவரை குடித்ததெல்லாம் லாகர் என்ற சில்லென்ற பீர் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். குடியை வளர்க்கும் பதில் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். யார்க்‌ஷயரில் படித்த காலத்தில் ஒரு பப்பின் நிலவறையில் வேலை பார்த்தவன் நான். அந்த வேலையின் அருமை தெரியாமல் யாராவது இந்த பீரைப் பழித்தால் என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை.

லாகர் பெரும்பாலும் ஆலையிலேயே வடிகட்டப்பட்டு, சூடுகாட்டி ஈஸ்ட் அடக்கப்பட்டு, கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தோடு கெக் என்ற மூடிய உலோகக் கலனில் வருகிறது. குழாயைத் திறந்தால் போதும். நீங்கள் குடித்த கைப்பம்பு ஏல், அதாவது கேஸ்க் (பீப்பாய்) ஏல், அப்படியல்ல. உயிருள்ள ஈஸ்டோடு பீப்பாயில் வந்து இறங்கி, பப்பின் நிலவறையில்தான் இரண்டாம் முறை நொதித்து முடிகிறது. ஆகவே அதன் தரத்தில் சரிபாதி பப்காரரின் கையில் இருக்கிறது.

எங்களுக்குப் பெரும்பாலும் வந்தவை 9 காலன், அதாவது 72 பைன்ட் (பைன்ட் என்பது பப்பில் தரும் ஒரு பெரிய கோப்பை அளவு) கொள்ளும் ஃபர்கின் பீப்பாய்கள். அதைப் படுக்கவைத்து, அசையாமல் ஆப்பு கொடுத்து, மேற்புற அடைப்பின் நடுவில் காற்றுப் புகக்கூடிய மென்மரக் குச்சி ஒன்றை அடித்து இறக்குவோம். உடனே குச்சியைச் சுற்றி நுரை பொங்கும். அதை விரலால் வழித்துவிட்டு, மறுபடி குமிழ் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குமிழ் தாமதமாக வரத் தொடங்கினால் நொதிப்பு அடங்கிவிட்டது என்று பொருள். அப்போது காற்றுப் புகாத கடினமரக் குச்சியை மாற்றி, எஞ்சிய வாயுவை உள்ளே நிறுத்துவோம். இதற்கிடையில் மிதக்கும் ஈஸ்ட், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் என்னும் பொருளோடு சேர்ந்து அடியில் படியும். சைவ உணவுக்காரர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு குடிப்பது நல்லது. அது சேர்க்காத, சற்றே கலங்கலான ஏல்களும் இப்போது கிடைக்கின்றன.

நிலவறையை 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் வைத்திருப்போம். அதைவிடக் குளிர்ந்தால் பீர் கலங்கும், மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தின் மணமும், கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் மணமும் அமுங்கிப்போகும். லாகரில் உள்ள வாயுவில் பாதிகூட இதில் இருக்காது என்பதால் நாக்கில் சுருக்கென்று குத்தாது. நுரையைப் பொறுத்தவரை ஊருக்கு ஊர் வழக்கம் வேறு: வடக்கே பம்பின் மூக்கில் ஸ்பார்க்லர் என்ற நுண்துளை மூடியைப் பொருத்துவதால் வெண்ணெய் போன்ற நுரை திரளும், தெற்கே பெரும்பாலும் அது இல்லாமலே ஊற்றுவார்கள்.

இருந்தாலும் உங்கள் சந்தேகத்தை நான் முழுவதும் தள்ளிவிடவில்லை. ஒவ்வொரு பைன்ட் இழுக்கும்போதும் அந்த அளவுக்குக் காற்று பீப்பாய்க்குள் புகுகிறது. ஆகவே திறந்த மூன்று நாளுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும், அதன்பின் புளிக்கத் தொடங்கும். நான் வேலை பார்த்த பப்பின் உரிமையாளர், மிச்சம் இருப்பதைக் கொட்ட மனம் வராமல், வாரம் கடந்த பீப்பாயையும் விற்கச் சொல்வார். ஒரு பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கோப்பையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். அந்த மதுக்கூடத்தில் நான் அவரை மறுபடி பார்க்கவில்லை. 1960களில் பெரிய நிறுவனங்கள் கெக்கை எங்கும் திணித்ததை எதிர்த்து, 1971இல் கேம்ரா என்ற நுகர்வோர் இயக்கம் தோன்றிப் போராடித்தான் இந்த பீரைக் காப்பாற்றியது. அப்படிக் காப்பாற்றியதைச் சில்லறைக் கணக்குப் பார்த்து இப்படிப்பட்ட பப்காரர்களே கெடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

அடுத்த முறை வாங்குவதற்கு முன் சிறிது சுவை பார்க்கக் கேளுங்கள்; பெரும்பாலும் தயங்காமல் தருவார்கள். வினிகர் வாடை வந்தால் கூச்சப்படாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். குளிர்ச்சி குறைவு என்பதற்காக மட்டும் திருப்பிவிடாதீர்கள். கூட்டம் இல்லாத பப்பில் வரிசையாக எட்டுக் கைப்பம்புகள் நின்றால் அங்கே ஏல் கேட்காதீர்கள். இரண்டே பம்பு வைத்து இரண்டையும் ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள்.