பாதிரியார் வீட்டுப் பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

யூத வெறுப்புக்கு எதிராக இயங்கும் ஸ்டீபன் ஸ்மித் பற்றி எழுதியிருந்தீர்கள். யூதரல்லாத ஒருவர் ஏன் இதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்? யூதர்களுக்குப் பணமும் செல்வாக்கும் இருக்கிறது, அவர்களே பார்த்துக்கொள்ளலாமே? காஸாவுக்குப் பிறகும் இதைப் பேசத்தான் வேண்டுமா? நான் பள்ளி ஆசிரியை. பத்தாம் வகுப்புக்கு இனப்படுகொலை பற்றிச் சொல்ல ஒரு நல்ல படம் சொல்லுங்கள்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆசிரியைகள் கடிதம் எழுதினால் எனக்குத் தனி சந்தோஷம். அந்த உரிமையில் கொஞ்சம் திட்டிவிடுகிறேன். ‘பணமும் செல்வாக்கும்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அந்த வெறுப்பின் அரிச்சுவடியே அதுதான். காஸாவுக்காகக் கொதியுங்கள், நானும் கொதிக்கிறேன். அதற்கு யூதர்களை வெறுக்க வேண்டியதில்லை. சரி, விடுவோம்.

உங்கள் முதல் கேள்வி எனக்குள்ளும் கொஞ்ச நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டீபனும் மருத்துவரான அவர் சகோதரர் ஜேம்ஸும் மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபையின் பாதிரியார் வீட்டுப் பிள்ளைகள். ஸ்டீபன் படித்தது இறையியல். 1991இல் ஜெருசலேமில் யூதப் படுகொலைக்கான யாத் வஷேம் நினைவகத்தைப் பார்த்துவிட்டு வந்த குடும்பம், 1995இல் நாட்டிங்ஹாம்ஷயரின் லாக்ஸ்டன் கிராமத்தில் பிரிட்டனின் முதல் யூதப் படுகொலை நினைவு மையத்தைத் திறந்தது.

ஏன் இவர்கள்? யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்துங்கள் என்று 1543இல் எழுதியவர் புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு வித்திட்ட மார்ட்டின் லூதர். 1938 நவம்பரில், ஹிட்லர் ஆட்சியில், ஜெர்மனியெங்கும் அவை எரிந்தன. ஏசுவைக் கொன்ற பழியை யூத இனத்தின் மீதே சுமத்தக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை அறிவிக்க 1965 ஆகிவிட்டது. இத்தனை நூற்றாண்டுகள் பிரசங்க மேடையிலிருந்து ஊட்டப்பட்ட வெறுப்பு இது. காய்ச்சல் ஒருவனுக்கு, கஷாயம் பக்கத்து வீட்டுக்காரனுக்கா? பாதிரியார் வீட்டுப் பிள்ளைகள் செய்யாமல் வேறு யார் செய்வது? செத்தவன் வீட்டாரே வந்து கொன்றவன் வீட்டாருக்குப் பாடமும் நடத்த வேண்டும் என்கிறீர்கள். எனக்கு எரிச்சல் வருகிறது டீச்சர்.

சகோதரர்களின் வேலை யூதர்களோடு நிற்கவில்லை. 1994இல் ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில், டுட்சி இனப்படுகொலையின்போது, அடைக்கலம் தேடி தேவாலயத்துக்குள் ஓடியவர்களை உள்ளேயே வைத்து வெட்டினார்கள். நூறு நாட்களில் சுமார் எட்டு லட்சம் பேர் செத்தார்கள் என்கிறார்கள். 2004இல் தலைநகர் கிகாலியில் நினைவகம் எழுந்தபோது அதை உருவாக்கியதில் இனப்படுகொலைகளைத் தடுக்க இந்தச் சகோதரர்கள் தொடங்கிய ஏஜிஸ் அறக்கட்டளைக்கும் பங்கு உண்டு. அங்கே குழந்தைகளுக்கென்று ஒரு பகுதி. படத்துக்குக் கீழே சில வரிகள்தான். ஒரு பத்து வயதுப் பையன்: பிடித்த விளையாட்டு கால்பந்து, பிடித்தது மற்றவர்களைச் சிரிக்க வைப்பது, கனவு டாக்டர் ஆவது. கடைசியாகச் சொன்னது, ஐ.நா. படை நமக்காக வரும். சித்திரவதை செய்து கொன்றார்கள்.

எங்கள் கணக்கு வாத்தியாருக்கு ‘ஹிட்லர்’ என்று பட்டப்பெயர். அவருக்கே அதில் பெருமை. ‘நாட்டை ஒழுங்குக்குக் கொண்டுவந்தான்யா’ என்பார். கை தட்டியிருக்கிறோம். நம் ஊரில் யூதரைப் பார்த்தே இராதவனுக்கும் ஹிட்லர் மேல் ஒரு மயக்கம் உண்டு. உங்கள் வகுப்பிலும் நாலு பேர் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

படம் கேட்டீர்கள், மறந்தே போனேன். படம் வேண்டாம். ஸ்டீபன் 2009 முதல் 2021 வரை தலைமை வகித்த ஷோவா அறக்கட்டளையில், படுகொலையிலிருந்து தப்பியவர்கள் பேசும் 50,000க்கும் மேற்பட்ட சாட்சியக் காணொளிகள் இருக்கின்றன. ஒரே ஒருவருடையதைப் பத்து நிமிடம் போட்டு, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லுங்கள். பிணக்குவியல் காட்சிகளைக் காட்டவே காட்டாதீர்கள். கடைசி பெஞ்சு சங்கடத்தில் சிரிக்கும், அப்புறம் அவர்களை அதட்டுவதிலேயே மணி அடித்துவிடும்.