பொனட் தொப்பியும் சாம்பல் பீப்பாவும்

வணக்கம்.
என் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளி முடிக்க 40 மணித்தியாலம் தொண்டு செய்ய வேண்டும்தானே. பக்கத்துப் பழைய குடியேற்றப் பண்ணையில் மரபு நாள் வருகிறது. நீளப் பாவாடையும் பொனட் தொப்பியும் போட்டு வெண்ணெய் கடைந்து காட்ட ஆள் தேடுகிறார்கள். அவள் துள்ளுகிறாள், எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வெள்ளைக்காரப் பாட்டி வேடம் எதற்கு? அதுவும் அடுத்தவர் காணியில் குடியேறியதைக் கொண்டாடும் நாளில்? நீங்களும் இப்படி ஓரிடத்தில் தொண்டு செய்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள்.
— ஒரு தாய், ஸ்காபரோ

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கோடைகாலம் செய்தேன். முதல் நாளே மானம் போனது. ஜூலை வெயில். மரப் பீப்பாவில் பாலாடையை ஊற்றி, மூடியின் துளை வழியாகத் தடியை மேலும் கீழும் குத்திக்கொண்டே இருக்கிறேன். முக்கால் மணித்தியாலமாகியும் வெண்ணெய் திரளவில்லை. சுற்றிவர இருபது பிள்ளைகள். அம்மா தயிர் கடையும்போது இடையில் குளிர்ந்த தண்ணீர் விடுவது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் கேட்டு வாங்கி, கொஞ்சம் உள்ளே விட்டு, பீப்பாவுக்கும் ஈரத்துணி சுற்றினேன். திரண்டது. "நீங்கள் அந்தக் காலத்துக் கப்பலிலா வந்தீர்கள்?" என்று ஒரு சின்னவன் கேட்டான். விமானத்தில் என்றேன். அவனுக்கு ஏமாற்றம்.

வேடத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். பல இடங்களில் உடை மட்டும்தான் பழையது, பேச்சு இன்றையது. அந்தக் காலத்து ஆளாகவே நடிக்கச் சொல்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எனக்கு அங்கே பிடித்துப்போனது வெண்ணெய் அல்ல, சாம்பல். அந்தக் காலத்தில் குடியேற அரசிடம் காணி கிடைத்தவன் குறித்த காலத்துக்குள் ஐந்து ஏக்கர் காடு வெட்ட வேண்டும், 16க்கு 20 அடியில் வீடு கட்ட வேண்டும், காணிக்கு முன்னால் தெருவும் துப்பரவாக்க வேண்டும். வெட்டிய மரத்தை என்ன செய்வது? குவித்துக் கொளுத்தினார்கள். சாம்பலைப் பீப்பாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடியில் பழுப்பாகக் காரநீர் வடியும். அதைக் கொழுப்போடு காய்ச்சினால் வீட்டுக்குச் சவர்க்காரம். பெரிய இரும்புச் சட்டியில் வற்றக் காய்ச்சினால் பொட்டாஷ் என்ற கார உப்பு. அது கண்ணாடி, சவர்க்காரத் தொழில்களுக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பலர் முதன்முதலில் கையில் காசு பார்த்தது கோதுமையால் அல்ல, இந்தச் சாம்பலால்.

இதைச் சொல்லும்போதே உங்கள் இரண்டாவது கேள்வி வந்துவிடுகிறது. யாருடைய மரங்கள் அவை? காணி போன கதையை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைய டொராண்டோவின் பெரும்பகுதி 1787இல் மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து பிரித்தானியர் வாங்கியதாகச் சொல்லப்பட்டது. பத்திரத்தில் எல்லைகூட எழுதவில்லை. 1805இல் மீண்டும் எழுதினார்கள்: 2,50,830 ஏக்கர், விலை பத்து ஷில்லிங். 2010இல்தான் கனடா மத்திய அரசு 14.5 கோடி டொலர் கொடுத்து அந்த மக்களின் காணிக் கோரிக்கையைத் தீர்த்தது. நான் இருந்த பண்ணையில் இதைச் சொல்ல ஒரு பலகைகூட இல்லை. பொறுப்பாளரிடம் கேட்டதற்கு, பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்றார். அடுத்த வருடம் சாம்பல் பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்று நானே சொன்னேன். பிள்ளைகள் குழம்பவில்லை. பத்து ஷில்லிங்குக்கு இப்போது என்ன வாங்கலாம் என்றுதான் கேட்டார்கள்.

மகளை அனுப்புங்கள். கொண்டாட்டம் உங்களுக்கு ஒப்பவில்லை என்பது சரிதான். ஆனால் நாங்கள் ஒதுங்கிக்கொண்டால் அந்தப் பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்று கேள்வி கேட்பவர் ஒருவர் குறைவார். போகுமுன் இந்தக் கதை முழுவதையும் அவளோடு இருந்து கதையுங்கள்.

மற்றபடி, அடுப்படியில் நிற்கச் சொன்னால் பாவாடை பருத்தியிலோ கம்பளியிலோ இருக்கட்டும். நைலோன் வேண்டாம், பொறி பட்டால் உருகி ஒட்டும். மூக்குத்தியைக் கழற்றச் சொல்லக்கூடும், அதையும் கேட்டுவையுங்கள். 40 மணித்தியாலப் படிவத்தில் அன்றைக்கே கையொப்பம் வாங்கிவிடச் சொல்லுங்கள். பிறகு ஆளைப் பிடிப்பது பெரும்பாடு.