மொட்சார்ட்டின் 40-ஆம் சிம்பொனியில் டிரம்பெட்டும் டிம்பனி என்ற பெருமுரசும் இல்லையே, பிறகு எப்படி இவ்வளவு பதற்றம்?

1788-இல் எழுதிய ஜி மைனர் சுரவரிசையில் அமைந்த இந்தச் சிம்பொனியில் மெட்டு உடனே தொடங்காது. இரண்டாகப் பிரிந்த வயோலாக்கள் (வயலினைவிடச் சற்றுப் பெரிய, கனத்த குரல் கொண்டவை) மெல்லப் படபடக்க, அதன்மேல்தான் வயலின்கள் நுழையும். ஈ ஃபிளாட் சுரத்திலிருந்து டி-க்குத் திரும்பத் திரும்ப இறங்கும் அந்த அரைச்சுரம் பெருமூச்சுபோலக் கேட்கும். வேகத்தைக் குறைத்தால் படபடப்பு போய் வெறும் சோகப்பாட்டாகிவிடும்.

சாமர்த்தியம் ஹார்ன் என்ற சுருண்ட பித்தளைக் குழலில்தான். அக்கால ஹார்னுக்குச் சுரம் மாற்றும் வால்வு கிடையாது. குழாயின் நீளத்துக்கு இயல்பாக அமையும் சுரங்கள் மட்டுமே தெளிவாக ஒலிக்கும். ஜி-யில் அமைந்த ஹார்னில் ஜி மைனருக்கு வேண்டிய பி ஃபிளாட் சுரம் சிக்காது. குழலின் விரிந்த மணிவாயில் கையை வைத்து அச்சுரத்தை வரவழைத்தால் ஒலி மங்கும். அதனால் முதல் பகுதியில் ஒரு ஹார்னை ஜி-யிலும் மற்றதைப் பி ஃபிளாட்டிலும் வைத்தார்.

பிறகு கிளாரினெட் என்ற ஊதுகருவியைச் சேர்த்தும் திருத்தினார். ஓபோ என்ற ஊதுகருவியின் கூர்மைக்காக எனக்கு முதல் வடிவமே பிடிக்கும்.