பதின்மானம்: நண்டு எடைக் கணக்கை வைத்துச் சில பதில்கள்

மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கிப் பத்துச் சம பங்காகப் பிரிக்கும் எல்லைகளே பதின்மானங்கள். அவை பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே அட்டவணை போதும். 80 நீலக்கால் நண்டுகளின் எடைப் பிரிவு, கிராமில், அதையடுத்து அப்பிரிவிலுள்ள நண்டுகளின் எண்ணிக்கை (பயிற்சிக்காக நானே அமைத்த எண்கள்):

50–100: 6
100–150: 18
150–200: 28
200–250: 16
250–300: 8
300–350: 4

தங்கச்சிமடம், பதினொன்றாம் வகுப்பு மாணவி: ஐயா, ஏழாம் பதின்மானத்தின் சூத்திரம் மனப்பாடம். ஆனால் என்ன செய்கிறோம் என்று புரியவில்லை.

சூத்திரத்தைச் சற்றுத் தள்ளி வையம்மா. எடை குறைந்ததிலிருந்து கூடியதுவரை அடுக்கினால், பத்தில் ஏழு பங்கு நண்டுகள் எந்த எடைக்குள் அடங்குகின்றன என்பதே கேள்வி. 80இல் ஏழு பங்கு 56. குவிவு நிகழ்வெண்கள், அதாவது ஒவ்வொரு பிரிவின் முடிவு வரை சேர்ந்த எண்ணிக்கைகள், 6, 24, 52, 68, 76, 80. 200 கிராமுக்குள் 52 அடங்கிவிட்டன. இன்னும் 4 வேண்டும். அவற்றை 200–250 பிரிவின் 16 நண்டுகளிலிருந்து எடுக்க வேண்டும். 16இல் 4 கால் பங்கு. பிரிவின் அகலமான 50 கிராமில் கால் பங்கு 12.5. ஆக, 212.5 கிராம். இப்போது சூத்திரத்தை எடுத்துப் பார், ஒவ்வோர் உறுப்பும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

கீழக்கரை, கல்லூரி மாணவர்: பிரிவுகளாக்காத தனித்த மதிப்புகளில் மொத்த எண்ணிக்கையோடு 1 கூட்டுகிறோமே, இங்கே ஏன் இல்லை?

அங்கே வரிசையில் ஓர் இடத்தைத் தேடுகிறோம். இங்கே எடை இடைவெளியின்றிப் பரவியிருப்பதாகக் கொண்டு மொத்தத்தைப் பங்கிடுகிறோம்.

அதே மாணவர்: மூன்றாம் பதின்மானத்துக்கு 24 வருகிறது. குவிவு நிகழ்வெண்ணும் 24. எந்தப் பிரிவு?

எதை எடுத்தாலும் 150தான் தம்பி. இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள்.

மண்டபம், நண்டு வியாபாரி: 212.5 கிராம் என்பதை நம்பி ரகம் பிரிக்கலாமா?

பிரிவை நம்புங்கள், புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 5ஐ நம்பாதீர்கள். அந்த 16 நண்டுகளும் 200க்கும் 250க்கும் நடுவே சீராகப் பரவியிருக்கின்றன என்பது நாம் வைத்துக்கொண்ட அனுமானம். அவை எல்லாம் 240ஐ ஒட்டியே இருந்தால், உண்மையான ஏழாம் பதின்மானமும் அங்கேதான் இருக்கும், அட்டவணையோ 212.5 என்றே சொல்லும். விடையைப் பல தசம இடங்களுக்கு நீட்டுவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. ‘ஏறத்தாழ 210, 200–250 பிரிவில்’ என்று எழுதுவதே நேர்மை. தனித்தனி எடை எழுதிய நோட்டு இருந்தால் அதையே வரிசைப்படுத்துங்கள், மதிப்பீடு எதற்கு? உங்கள் ரகம் 220 கிராமில் மாறுகிறதென்றால், எடை குறிக்கும்போதே 220ஐ ஒரு பிரிவின் எல்லையாக வைத்துவிடுங்கள்.

தொண்டி, ஆசிரியை: கடைசிப் பிரிவு ‘300க்கு மேல்’ என்று மட்டும் இருந்தால்?

மேலே உள்ள கணக்கில் ஒன்பதாம் பதின்மானம் 275. அது திறந்த பிரிவுக்கு வெளியே இருப்பதால் சிக்கல் இல்லை. திறந்த பிரிவுக்குள் விழுந்தால் ‘300க்கு மேல்’ என்று எழுதி நிறுத்துங்கள், மேல் எல்லையைக் கற்பனை செய்ய வேண்டாம்.

பாம்பன், விசைப்படகு உரிமையாளரின் மகன்: ஓராண்டின் தினசரி மீன்பாட்டைப் பிரிவுகளாக்கினேன். 365 நாட்களில் 73 நாட்கள் 0–100 கிலோ பிரிவில். முதல் பதின்மானம் 50 கிலோ வருகிறது. சரியா?

கணக்கு சரி, 36.5ஐ 73ஆல் வகுத்தால் பாதிதான். ஆனால் அந்த 73இல் தடைக்காலமும் இருக்கிறதே! நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாட்களும் பூச்சியம். ஆகவே உண்மையான முதல் பதின்மானம் பூச்சியமே. பிரிவுக்குள் சீரான பரவல் என்ற அனுமானம் அதை 50 கிலோவாகக் காட்டிவிட்டது. தடை நாட்களை நீக்கினால் 304 நாட்கள், பத்தில் ஒரு பங்கு 30.4. முதல் பிரிவில் மீதமிருப்பது 12 நாட்களே. விடை அதற்கு மேலுள்ள பிரிவுகளுக்குப் போகும். இரண்டில் எதைச் செய்தாலும், ‘ஆண்டு முழுதும்’ என்றோ ‘தடைக்காலம் நீங்கலாக’ என்றோ அட்டவணையின் தலைப்பிலேயே குறித்துவிடுங்கள் தம்பி.