ஊசிய மறைச்சு போடாதீங்க

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில இருந்து எழுதறேன் டாக்டர். பொண்ணுக்கு 6 வயசு, ஒரு வருசமா டைப் 1 சுகர், தினமும் இன்சுலின். கிளாஸ்ல ஒரு பையன் "உன் வியாதி ஒட்டிக்கும்"னு சொன்னதுல இருந்து யார்கூடவும் விளையாட மாட்டேங்கறா. "நான் கெட்ட பொண்ணாம்மா?"ன்னு கேக்கறா. நாளைக்கு கல்யாணம்னு வந்தா பிரச்சனையாகும்னு சொந்தக்காரங்ககிட்ட நாங்க சொல்லல, ஆள் வந்தா கதவ சாத்திட்டுதான் ஊசி போடறோம்.

பதில்: அம்மா, அவ கேட்டதுக்கு இன்னைக்கே பதில் சொல்லிடுங்க. இந்த வயசுல நிறைய பிள்ளைங்க நோயை தண்டனைனுதான் நினைச்சுக்கும். மிட்டாய் தின்னு வந்ததில்ல இது, உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்கற செல்லை அழிச்சிடுது, அவளும் காரணமில்ல நீங்களும் காரணமில்ல, ஒட்டவும் ஒட்டாது.

எனக்கு பெரிய கவலை அந்தக் கதவுதான். உங்க பயம் புரியுது, ஆனா தினம் சாப்பாட்டுக்கு முன்னாடி அம்மா கதவ சாத்தினா எங்கிட்ட ஏதோ அசிங்கம் இருக்குனுதான அந்தப் பிள்ளை புரிஞ்சுக்கும், அந்தப் பையன் சொன்னத நீங்களே உறுதி பண்ண மாதிரி ஆயிடுது. ஹால்ல உக்காந்தே போடுங்க, சுகர் பாக்க எந்த விரல்ல குத்தறதுனு அவளே சொல்லட்டும். 1922ல டொரண்டோல 14 வயசுப் பையன் ஒருத்தனுக்குத்தான் முதல்ல இன்சுலின் போட்டாங்க, அதுலதான் அவன் தேறினான்னு கதையா சொல்லுங்க. மீட்டர்ல 280 வந்தா "ஐயோ என்னடி தின்ன"ன்னு கேக்காதீங்க, அது பரிட்சை மார்க் இல்ல.

அப்புறம் அவ வாயில ஒரு பதில் வேணும். "என் உடம்புல இன்சுலின் ஊறல, அதான் போட்டுக்கறேன், உனக்கு ஒட்டாது, வா விளையாடலாம்", இத வீட்ல நீங்க அந்தப் பையனா நடிச்சு பத்து தடவ சொல்ல வைங்க. கூட்டமா வேண்டாம், அவளுக்குப் புடிச்ச ஒரே ஒரு பிள்ளைய சனிக்கிழமை வீட்டுக்கு கூப்பிடுங்க, இல்லனா ரெண்டு பேரையும் குரும்பப்பட்டி பூங்காவுக்கு கூட்டிட்டு போங்க. தட்டுவடை செட் வாங்கினா அவளும் சேர்ந்தே சாப்பிடட்டும், அதுக்கு இன்சுலின் எவ்வளவுனு உங்க டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வெச்சுக்கங்க.

டீச்சர்கிட்ட கண்டிப்பா சொல்லணும். ஓடியாடும்போது சுகர் 70க்கு கீழ இறங்கலாம், கை நடுக்கம், வேர்வை, திடீர்னு எரிச்சல் வந்தா உடனே குளுக்கோஸ் குடுக்கணும், தனியா எங்கயும் அனுப்பக்கூடாது.

ரெண்டு வாரத்துல மாற்றமில்லாம ஸ்கூலே வேண்டாம்னா, ஊசி வேண்டாம்னு அடம் புடிச்சா அதுக்கும் முன்னாடியே, நம்ம மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு கூட்டிட்டு போங்க.