கை நடுங்கினால் கோழையா? ஸ்டோயிக்குகள் சொன்ன தைரியம் எது?

கேள்வி: ஸ்டோயிக்குகளைப் போல எந்தத் துன்பத்துக்கும் கலங்காத மனதை எப்படிப் பெறுவது? ஏதாவது கெட்ட செய்தி வந்தாலே எனக்குக் கை கால் உதறுகிறது. நான் கோழையா?

இல்லை. கை கால் உதறுவதற்கும் கோழைத்தனத்துக்கும் சம்பந்தமே இல்லை. உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இதைச் சொல்லவில்லை, பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவவாதிகளான ஸ்டோயிக்குகளே இப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். இணையத்தில் இப்போது ஸ்டோயிசிசம், அதாவது அவர்களுடைய தத்துவம், என்றாலே ஒரு பளிங்குச் சிலையின் படத்தைப் போட்டு, எதற்கும் அசையாதே, எதையும் உணராதே என்று எழுதிவிடுகிறார்கள். ஏற்கனவே துன்பத்தில் இருப்பவர் அதைப் படித்தால், துன்பத்தோடு சேர்த்து "நம்மால் இதுகூட முடியவில்லையே" என்ற குறையையும் சுமக்க வேண்டியதாகிறது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

2ஆம் நூற்றாண்டில் ஆலஸ் ஜெல்லியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதிவைத்த ஒரு கடல் பயணத்தைச் சொல்கிறேன். இத்தாலியின் பிருண்டிசியம் துறைமுகத்துக்குப் போகிற கப்பல் அது, வழியில் இரவு முழுக்கப் புயல், கப்பலுக்குள் தண்ணீர் ஏறுகிறது, எல்லோரும் அலறுகிறார்கள். அதே கப்பலில் ஏதென்ஸில் பேர்பெற்ற ஒரு ஸ்டோயிக் ஆசிரியரும் இருக்கிறார். இவர் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று ஜெல்லியஸ் அவரைக் கவனிக்கிறார். அவர் புலம்பவில்லை, அழவில்லை, ஆனால் முகம் மற்றவர்களைப் போலவே வெளுத்துக் கிடக்கிறது. கடல் அடங்கிய பிறகு ஜெல்லியஸ் மரியாதையாகக் கேட்கிறார்: ஐயா, நீங்களுமா பயந்தீர்கள்? அந்த ஆசிரியர் தன் பையிலிருந்து, எபிக்டெட்டஸ் என்ற ஸ்டோயிக் தத்துவ ஆசிரியரின் உரைகளில் ஒரு பகுதியை எடுத்து நீட்டுகிறார்.

அதில் இருந்த விஷயம் இதுதான். இடி விழுகிற சத்தம், கட்டடம் சரிகிற சத்தம், திடீரென்று வரும் கெட்ட செய்தி, இவையெல்லாம் ஞானியின் மனதையும் ஒரு கணம் உலுக்கும், முகம் வெளுக்கும், உடல் சுருங்கும். அந்த முதல் அதிர்வு யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. வித்தியாசம் அதற்கு அடுத்த கணத்தில் வருகிறது. "இது பயங்கரம், எல்லாம் முடிந்தது" என்று மனம் ஒரு தீர்ப்பை நீட்டுகிறதே, சாதாரண மனிதன் அதற்கு உடனே தலையாட்டிவிடுகிறான். ஞானி கையெழுத்துப் போட மறுக்கிறான். அவ்வளவுதான். ஸ்டோயிக்குகள் நம்மிடம் கேட்பது அந்த இரண்டாவது கணத்தை மட்டுமே.

இதைச் சொன்ன எபிக்டெட்டஸ் சொகுசாக உட்கார்ந்து தத்துவம் பேசியவர் அல்ல. அடிமையாக வாழ்ந்தவர். நீரோ மன்னனின் அரண்மனையில் செல்வாக்கோடு இருந்த எபஃப்ரொடைட்டஸ்தான் அவருடைய எஜமான். கால் ஊனம். விடுதலை பெற்றுக் கற்பிக்க ஆரம்பித்த பிறகும் பேரரசன் டொமிஷியன் தத்துவவாதிகளை ரோமிலிருந்து விரட்டியதால் கிரேக்கத்தின் நிகோபோலிஸுக்குப் போய்ப் பள்ளி நடத்தினார். மாணவர்களுக்கு அவர் கொடுத்த ஒரு பயிற்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருவனைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். என்ன நடந்தது? சிறைக்குக் கொண்டுபோனார்கள். "ஐயோ, அவன் கதி கெட்டது" என்பதை நாமாகச் சேர்க்கிறோம்.

கேட்க எளிதாக இருக்கும், செய்யும்போதுதான் தெரியும். சில வருடங்களுக்கு முன் என் அப்பாவின் பரிசோதனை முடிவை நான்தான் முதலில் பிரித்துப் படித்தேன். விரல்கள் நடுங்கின, காது அடைத்தது, "போச்சு, எல்லாம் போச்சு" என்று உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் அந்தத் தாளை மறுபடி படித்தேன். கட்டி இருக்கிறது என்று எழுதியிருந்தது, அளவு எழுதியிருந்தது, அடுத்து என்ன பரிசோதனை வேண்டும் என்று எழுதியிருந்தது. "எல்லாம் போச்சு" என்று எங்கேயும் இல்லை. அந்த வரி என்னுடையது. அது தெரிந்ததும் நடுக்கம் நின்றுவிடவில்லை, ஆனால் நடுங்கிக்கொண்டே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுத முடிந்தது. அப்பா பிறகு இறந்துவிட்டார், அன்று எனக்குக் கிடைத்த தெளிவு அவரைக் காப்பாற்றவில்லை, காப்பாற்றும் என்று எந்த ஸ்டோயிக்கும் சொல்லவும் இல்லை. ஆனால் அப்பா கேட்டதற்கெல்லாம் உண்மையான பதிலைச் சொல்லி, கடைசிவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க எனக்குத் தெம்பு இருந்தது. அழுதேன், நிறையவே அழுதேன். பிறகு ரோமப் பேரரசனான ஸ்டோயிக் மார்கஸ் அரேலியஸ் இளம் வயதில் தன்னை வளர்த்த ஆசிரியர் இறந்தபோது அழுததாகவும், அரண்மனை ஆட்கள் அதைத் தடுத்தபோது, தத்துவமோ ஆட்சியோ மனித உணர்வை எடுத்துவிடாது, அவனை அழ விடுங்கள் என்று பேரரசன் அன்டோனினஸ் சொன்னதாகவும் ஒரு பழைய வரலாறு சொல்கிறது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். "உன் கையில் இல்லாததை ஏற்றுக்கொள்" என்பதை எடுத்துக்கொண்டு, அடி வாங்குகிறவளிடமும் ஏமாற்றப்பட்டவனிடமும் பொறுத்துப் போ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இது ஸ்டோயிசிசம் இல்லை. ஸ்டோயிக்குகளுக்குத் தைரியம், நீதி, அடக்கம், அறிவு நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நீதி இல்லாத இடத்தில் வெறும் பொறுமைக்குத் தைரியம் என்று பெயர் கிடையாது. எபிக்டெட்டஸ் பெருமையாகச் சொல்லும் ஆள் ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ் என்ற செனட்டர். செனட் சபைக்கு வராதே என்று பேரரசன் வெஸ்பாசியன் சொல்லி அனுப்புகிறான். பதவியைப் பறிப்பது உன் அதிகாரம், பதவியில் இருக்கும்வரை வருவது என் கடமை என்கிறார் இவர். சரி, வந்தால் பேசாமல் இரு. என்னிடம் கருத்துக் கேட்காதே, பேசாமல் இருக்கிறேன். கேட்டாக வேண்டுமே. அப்படியானால் எனக்குச் சரி என்று படுவதை நான் சொல்லியாக வேண்டும். சொன்னால் கொல்வேன். நான் சாகாதவன் என்று உன்னிடம் எப்போது சொன்னேன்? கடைசியில் அவரைக் கொன்றேதான் விட்டார்கள். கையில் இல்லாததை ஏற்பது என்றால் அவருக்கு இதுதான்: விளைவை விட்டுவிட்டார், செய்ய வேண்டியதை விடவில்லை.

நம் காலத்துக்குப் பக்கத்தில் வேண்டுமென்றால் ஜேம்ஸ் ஸ்டாக்டேல். அமெரிக்கக் கடற்படை விமானி, 1965 செப்டம்பரில் வடக்கு வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டு, கால் உடைந்து, 1973 வரை சிறையில் இருந்தவர், அதில் 4 வருடம் தனிமைச் சிறை. அந்தப் போரின் நியாயம் அநியாயம் தனி விவாதம், அதற்குள் நான் போகவில்லை. படிக்கும் காலத்தில் கைக்கு வந்த எபிக்டெட்டஸை மனதில் வைத்துக்கொண்டுதான் அவர் உள்ளே போனார். சீக்கிரம் வெளியே போய்விடுவோம் என்று தேதி வைத்துக் காத்திருந்த நம்பிக்கைவாதிகள்தான், கிறிஸ்துமஸ் வந்து போக, ஈஸ்டர் வந்து போக, மனம் உடைந்து இறந்தார்கள் என்று பின்னாளில் சொன்னார். கடைசியில் மீள்வோம் என்ற நம்பிக்கையை விடாமல், இன்றைய நிலைமை எவ்வளவு மோசம் என்பதையும் மறைக்காமல் பார்த்தவர் அவர். சித்திரவதையில் எல்லோருமே ஒரு கட்டத்தில் உடைந்தார்கள், அவரும்தான். உடைந்தவனுக்கு வரும் வெட்கம் சித்திரவதையைவிட அவனை அதிகம் தின்றது. அதனால் கைதிகள் சுவரைத் தட்டித் தட்டி எழுத்து எழுத்தாகப் பேசிக்கொண்டார்கள், நீ மட்டும் இல்லை, நாங்களும் அப்படித்தான் என்று.

உங்கள் "நான் கோழையா" என்ற கேள்விக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். உதறலைப் பற்றி வெட்கப்படுவதை முதலில் நிறுத்துங்கள், நம்பகமான ஒருவரிடம் அதைச் சொல்லுங்கள். நாள் கணக்கில் தூக்கம் போய், சாப்பாடு போய்விட்டால் மருத்துவரைப் பார்ப்பதிலும் எந்தக் குறையும் இல்லை. இன்று மனநல மருத்துவத்தில் இருக்கும், எண்ணங்களைக் கவனித்து மாற்றப் பழக்கும் அறிவாற்றல் சிகிச்சையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆல்பர்ட் எல்லிஸ் எபிக்டெட்டஸிடமிருந்து எடுத்துக்கொண்டதை வெளிப்படையாகவே சொன்னவர். பயிற்சியைப் பெரிய துன்பத்தில் ஆரம்பிக்காதீர்கள், அதையும் எபிக்டெட்டஸே சொல்கிறார்: கொஞ்சம் எண்ணெய் சிந்திப்போனது, கொஞ்சம் திராட்சை ரசம் திருட்டுப்போனது, அங்கிருந்து தொடங்கு என்று. உங்களுக்கு அது ஒரு கடுகடுப்பான மின்னஞ்சலாக இருக்கலாம், தவறவிட்ட பேருந்தாக இருக்கலாம். நடந்தது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள், அதன் மேல் மனம் என்ன சேர்த்தது என்று இன்னொரு வரி எழுதுங்கள். முதல் வாரத்தில் இரண்டையும் பிரிக்கவே கஷ்டமாக இருக்கும். பிரிக்க வந்த பிறகு பெரியவற்றுக்குப் போகலாம்.